அடுக்களை காத்த அளவை

வரலாற்றை எழுதியவர்கள் போர்க்களங்களைப் பார்த்தார்கள்; அரசவைகளைப் பார்த்தார்கள்; கடைவீதிகளையும் துறைமுகங்களையும்கூடப் பார்த்தார்கள். அடுக்களையை எட்டிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. நாள்தோறும் இருமுறையேனும் தவறாமல் கணக்குப் போடப்பட்ட இடம் அதுதான். எத்தனை பேர் உண்பார்கள், எத்தனை படி அரிசி உலையிலிட வேண்டும், எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு, மீதமுள்ள அரிசி இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்ற வினாக்களுக்கு ஏடும் எழுத்தாணியுமின்றி நொடியில் விடை கண்டவர்கள் நம் இல்லத்துப் பெண்மணிகள். அவர்களுள் பலர் கணக்கைப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கையாண்ட அளவைக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு நிற்கிறது. மார்க்கச் சட்டத்தின் ஒரு முக்கியமான வினாவுக்கு விடை கிடைத்ததும், ஒரு காலத்தில், வீடுகளில் பாதுகாக்கப்பட்டு வந்த அளவுப் பாத்திரங்களிலிருந்துதான். அந்த வரலாற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

ஆழாக்கு முதல் கலம் வரை

தமிழகத்தின் பழைய முகத்தலளவை வாய்பாட்டை மூத்தவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. நாழியைத்தான் படி என்று வழங்கினோம். 8 நாழி ஒரு குறுணி; அதுவே மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். ஆக, ஒரு கலத்தில் 12 மரக்கால், அதாவது 96 படி அடங்கும்.

இந்த வாய்பாடு நேற்று முளைத்ததன்று. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு ஆகிய இதே பெயர்கள் வருகின்றன. அங்கே 'ஆடவல்லான்' என்ற பெயருடைய மரக்கால் ஒன்று குறிப்பிடப்படுகிறது. அது 'இராசகேசரி' என்ற அளவுக்கு ஒத்தது என்றும் சொல்லப்படுகிறது. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெய் இவ்வளவு, மிளகு இவ்வளவு, தயிர் இவ்வளவு என்று ஒரு சமையற்கட்டின் கணக்கையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்து பங்கு நெல்லைக் குத்தினால் இரண்டு பங்கு அரிசி என்ற விகிதமும் அக்காலக் கல்வெட்டு வழக்கில் உண்டு. நெல்லைக் குத்திப் புடைத்து அரிசியாக்கியவர்களின் கைப்பழக்கத்தில் விளைந்த விகிதம் அரசாங்கத்தின் கணக்காயிற்று என்பதை நாம் இங்குக் கவனிக்க வேண்டும்.

பாதியாக்கும் கலை

ஆழாக்கு முதல் நாழி வரை உள்ள அளவுகளை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வோர் அளவும் அடுத்ததில் சரிபாதி. படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. ஒரு பொருளை இரு சம பாகமாக்க எழுத்து வேண்டியதில்லை. கண்ணும் கையும் போதும். இதற்கு இசைவாகவே நம் பின்ன எண்களும் அமைந்தன. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒன்றை இரண்டாகவும், நான்காகவும், எட்டாகவும், பதினாறாகவும் பகுத்தார்கள். மாகாணிக்கு வீசம் என்றும் பெயர். மற்றொரு வரிசையில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைக் கையில் கொடுத்து இவற்றை உரக்கச் சொல்ல வைத்தார்கள். பள்ளிக்குச் செல்லாத பெண்மக்களோ அரிசிப் பானையின் முன் அமர்ந்து இதே கணக்கைக் கையால் கற்றார்கள்.

நாணயமும் இதற்குத் துணை நின்றது. ஒரு ரூபாய்க்கு 16 அணா; கால் ரூபாய் 4 அணா; அரைக்கால் ரூபாய் 2 அணா; வீசம் ரூபாய் 1 அணா. ஒரு பொருள் படி ஒரு ரூபாய் என்றால், படியில் எட்டில் ஒன்றாகிய ஆழாக்கு 2 அணா என்பது சொல்லாமலே விளங்கும். நிறுத்தலளவையிலும் இவ்வாறே. 40 பலம் ஒரு வீசை. கால் வீசை 10 பலம். அரைக்கால் வீசை 5 பலம். சென்னை மாகாணத்தில் வழங்கிய வீசை இன்றைய அளவில் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். பலம் ஏறக்குறைய 35 கிராம். அரிசிப் பானையிலிருந்து கடைத்தராசு வரையிலும், தராசிலிருந்து காசுப்பை வரையிலும் ஒரே கணக்கு தடையின்றி ஓடியது.

மதீனாவின் ஸாஉ

இனி, நம் மார்க்கத்தோடு அடுக்களை அளவை எவ்வாறு பிணைந்தது என்பதைக் காண்போம். நோன்புப் பெருநாளன்று கொடுக்கும் ஃபித்ராவுக்கு அளவு ஒரு ஸாஉ தானியம். 4 முத்து ஒரு ஸாஉ. 60 ஸாஉ ஒரு வஸக். விளைபொருள் ஜக்காத்துக்கு எல்லை 5 வஸக், அதாவது 300 ஸாஉ. முதுமையால் நோன்பு நோற்க இயலாதவர் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாளொன்றுக்கு ஒரு முத்து கொடுக்க வேண்டும். முப்பது நோன்புக்கு முப்பது முத்து. அதாவது ஏழரை ஸாஉ. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூச் செய்ததும், ஒரு ஸாஉ நீரில் குளித்ததும் நபிமொழி நூல்களில் பதிவாகியுள்ளன. எனவே இது வீட்டில் அன்றாடம் புழங்கிய அளவே என்பது தெளிவு. எடைக்கு மக்காவாசிகளின் எடையும், முகத்தலுக்கு மதீனாவாசிகளின் அளவும் அடிப்படை என்று ஒரு நபிமொழி கூறுகிறது. மக்கா வணிகர் நகர். வெள்ளியையும் பொன்னையும் நிறுத்த ஊர். மதீனாவோ பேரீச்சந் தோட்டங்களின் ஊர்; பழத்தையும் தானியத்தையும் முகந்து அளந்த ஊர்.

காலம் செல்லச் செல்ல, ஸாஉ என்பது எவ்வளவு என்பதிலேயே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. இராக்கில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஒரு ஸாஉ 8 ராத்தல் என்று கொண்டார்கள். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் ஐந்தே மூன்றில் ஒரு ராத்தல் என்றார்கள். இது சிறு வேறுபாடன்று. ஏழைக்குப் போய்ச் சேரும் தானியம் ஒன்றுக்கு ஒன்றரை மடங்காகிறது.

அபூஹனீஃபா அவர்களின் தலைமாணாக்கரும் பின்னர்ப் பெரும் காழியாக விளங்கியவருமான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் மதீனா சென்றபோது இதுபற்றி வினவினார்கள். அதன்பின் நிகழ்ந்ததை பைஹகீ முதலானோர் பதிவு செய்திருக்கிறார்கள். முஹாஜிர்கள், அன்சாரிகள் ஆகியோரின் வழித்தோன்றல்களான முதியவர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர், ஒவ்வொருவரும் தம் மேலாடைக்குள் ஓர் அளவுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள். இது நபிகளாரின் காலத்து ஸாஉ என்று தம் தந்தையரிடமிருந்தும் குடும்பத்தாரிடமிருந்தும் கேட்டறிந்ததாக ஒவ்வொருவரும் கூறினார்கள். தம் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் இதே பாத்திரத்தால் அளந்துதான் நபிகளாரிடம் தானியம் ஒப்படைத்தார் என்று ஒருவர் சொன்னதாகவும் ஓர் அறிவிப்பில் வருகிறது. அபூயூசுஃப் அவர்கள் அப்பாத்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லாம் ஒத்திருந்தன. அளந்தார்கள், ஐந்தே மூன்றில் ஒரு ராத்தலுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. தம் ஆசிரியரின் கருத்தை அந்த இடத்திலேயே விட்டு, மதீனாவாசிகளின் அளவை ஏற்றுக்கொண்டார்கள். அபூயூசுஃப் அவர்கள் மறைந்தது 798-இல். இமாம் மாலிக் அவர்கள் மறைந்தது 795-இல். ஆகவே நபிகளாரின் காலத்துக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டளவு கழிந்த நிலையில் நடந்த நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியின் பொருளை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். அன்று சான்றாக வந்தது ஏடன்று, அரசாணையன்று, வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தானியம் அளந்த பாத்திரம். ஒரு பாத்திரம் மட்டும் வந்திருந்தால் ஐயம் எஞ்சியிருக்கும். தனித்தனி வீடுகளில் காக்கப்பட்ட ஐம்பது பாத்திரங்கள் ஒரே அளவைக் காட்டியபோது ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. ஹனஃபீ மத்ஹபின் வழக்கமான தீர்ப்பு 8 ராத்தலாகவே நிலைபெற்றது என்பது வேறு செய்தி. சான்று எங்கிருந்து வந்தது என்பதே நாம் கருதவேண்டியது.

கையும் கணக்கும்

1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதே ஸாஉவைத் திர்ஹம் எடையில் நுணுக்கமாகக் கணித்தார்கள். பக்தாத் ராத்தல் 128-உம் ஏழில் நான்கும் திர்ஹம் எனக் கொண்டால், ஒரு ஸாஉ 685-உம் ஏழில் ஐந்தும் திர்ஹமாகிறது. இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்கள் வழியில் ராத்தலை 130 திர்ஹம் எனக் கொண்டால், 693-உம் மூன்றில் ஒன்றும் வருகிறது. இவ்வளவு நுட்பமாகக் கணித்த நவவீ அவர்களே, எடை ஒரு தோராயந்தான். அடிப்படை முகத்தலளவே என்று தெளிவுபடுத்துகிறார்கள். ஒரே பாத்திரம் நிறையக் கோதுமை இட்டால் ஓர் எடை. தொலிக்கோதுமை இட்டால் வேறோர் எடை. அரிசி இட்டால் மற்றோர் எடை. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளினால் ஒரு ஸாஉ என்ற அறிஞர்களின் வழிகாட்டுதலையும் அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். ஏழில் ஐந்து திர்ஹம் வரை சென்ற கணக்கு, மீண்டும் இரு உள்ளங்கைகளில் வந்து நிற்கிறது! கையளவு என்பது அறியாமையன்று. யாவருக்கும் எட்டும்படி அமைந்த அளவை என்பதை இதனால் உணரலாம்.

ராத்தல் என்ற சொல் நமக்கு அயலானதன்று. அரபுமொழியின் 'ரத்ல்' என்பதே தமிழில் ராத்தலாயிற்று. பிற்காலத்தில் ஆங்கிலேயரின் பவுண்டு எடைக்கு நம் மக்கள் இப்பெயரையே இட்டார்கள். இலங்கையில் ஒரு ராத்தல் பாண் என்ற வழக்கு இன்றும் உண்டு. பக்தாதில் 1226-இல் முஹம்மது இப்னுல் ஹஸன் என்பவர் எழுதிய 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலிலும் இறைச்சியும் பிறவும் ராத்தலாலும், அதன் பன்னிரண்டில் ஒரு பங்காகிய ஊக்கியாவாலும், திர்ஹமாலும் சொல்லப்படுகின்றன. இன்ன பண்டத்துக்கு இன்ன விகிதம் என்ற கணக்கு அடுக்களையிலிருந்து ஏட்டுக்கு ஏறியதற்கு அந்நூல் ஒரு நற்சான்று.

மூன்று தெரிந்தால் நான்கு

பக்தாதில் கலீஃபா மஃமூன் காலத்தில் (813–833) அல்-குவாரிஸ்மீ இயற்றிய அல்ஜப்ர் நூலை இயற்கணிதத்தின் தாய் நூல் என்று உலகம் போற்றுகிறது. அந்நூல் வாரிசுரிமைப் பங்கீடு, வாணிகம், நில அளவை ஆகிய மக்கள் தேவைகளுக்காகவே எழுதப்பட்டது. அதில் கொடுக்கல் வாங்கல் பற்றிய பகுதியில் அவர் விளக்குவது, மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் காணும் முறை. 499-இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலும் இம்முறை காணப்படுகிறது. நம் பழைய பாடப்புத்தகங்கள் இதைத் திரைராசிகம் என்றன.

இது அடுக்களைக்கு எத்துணை அணுக்கமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நிக்காஹ் விருந்தில் 200 பேருக்கு 25 படி அரிசி சரியாக இருந்தது. அடுத்த விருந்துக்கு 350 பேர் வருகிறார்கள். எவ்வளவு அரிசி வேண்டும்? ஏட்டுக் கணக்கில் 350-ஐ 25-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் நாற்பத்து மூன்றே முக்கால் படி. அடுக்களைக் கணக்கு இன்னும் சுருக்கமானது. 25 படியில் 200 ஆழாக்கு. ஆகவே ஆளுக்கு ஓர் ஆழாக்கு. 350 ஆழாக்கை எட்டெட்டாகக் கட்டினால் 43 படி போக 6 ஆழாக்கு மீதி. அதாவது 5 மரக்காலும் 3 படியும் ஓர் உரியும் ஓர் உழக்கும். விடை ஒன்றே, வழிதான் வேறு.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே சஹனைச் சூழ்ந்தமர்ந்து பலர் உண்ணும் வழக்கம் உண்டு. ஒரு சஹனுக்கு எத்தனை பேர் என்பது ஊருக்கும் விருந்துக்கும் ஏற்ப மாறும். அங்கே கணக்கு ஆளிலிருந்து தொடங்குவதில்லை, சஹனிலிருந்து தொடங்குகிறது. வருவோரின் தொகையைச் சஹனால் வகுத்து, சஹனுக்கு இத்தனை அகப்பைச் சோறு, இத்தனை துண்டு இறைச்சி என்று பெருக்குகிறார்கள். உடன் அமர்ந்தவரில் ஒருவர் குறைவாக உண்டால் மற்றவருக்கு அது சேரும். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்னும் கருத்துள்ள நபிமொழியின் பொருளை அந்தச் சஹனில் கண்கூடாகக் காணலாம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே மடங்கில் பெருக்கிவிட முடியாது என்பதையும் பட்டறிவு கற்பித்தது. அரிசியை நான்கு மடங்காக்கினால் நீரையும் நான்கு மடங்காக்கலாமா? ஆகாது, சோறு குழைந்துவிடும். காரணம் என்ன? உலையில் விடும் நீரில் இரு பகுதிகள் உண்டு. அரிசி உறிஞ்சும் நீர் ஒன்று; ஆவியாகப் போகும் நீர் மற்றொன்று. முன்னது அரிசியின் அளவோடு ஒத்துப் பெருகும். பின்னதோ பாத்திரத்தின் வாயகலத்தையும், மூடியையும், நெருப்பையும், வேகும் நேரத்தையும் பொறுத்தது. அரிசியின் அளவோடு அதே மடங்கில் பெருகுவதில்லை. எனவேதான் வீட்டில் ஒரு படிக்கு ஒன்றரைப் படி நீர் விட்டவர்கள், பெரிய தேக்சாவில் ஆக்கும்போது படிக்கு அதைவிடக் குறைத்து விட்டார்கள். பழைய அரிசி கூடுதல் நீர் கேட்கும் என்பதையும் அறிந்திருந்தார்கள். திரைராசிகம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அறிவது கணக்கில் தேர்ந்தவர்க்கே உரிய தெளிவு. அந்தத் தெளிவு, கணக்கறியாதவர் என்று நாம் ஒதுக்கிய பெண்மணிகளிடம் இருந்தது.

அளவும் பரக்கத்தும்

உணவை அளந்துகொள்ளுங்கள், அதில் பரக்கத் உண்டு என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபிகளாரின் மறைவுக்குப் பின் வீட்டில் இருந்த சிறிதளவு தொலிக்கோதுமையை நெடுநாள் உண்டு வந்ததாகவும், அதை அளந்து பார்த்தபின் அது தீர்ந்துபோனதாகவும் மற்றோர் அறிவிப்பு உண்டு. இரண்டும் புகாரீயில் இடம்பெற்றவை. இவை முரண் அல்லவா என்று கேட்போர்க்கு அறிஞர்கள் விடை சொன்னார்கள்: வாங்கும்போதும் கொடுக்கும்போதும் பிறர் உரிமை கலந்திருப்பதால் அளவு வேண்டும், எஞ்சியதை எண்ணி எண்ணிக் கவலைப்படுவதற்காக அளத்தல் வேண்டா. நம் இல்லங்களின் வழக்கமும் இதுவே. அரிசி வாங்கும்போது தலைதட்டி அளந்து பார்த்த அதே கை, வாசலில் வந்து நின்ற ஏழைக்கு இடும்போது அளவு பார்க்காமல் அள்ளி இட்டது. கணக்கு நீதிக்காக, கணக்கின்மை ஈகைக்காக.

மறைந்த படி

நம் நாட்டில் 1956-இல் எடை, அளவைகளுக்கான தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நுழைந்து, 1962 ஏப்ரல் முதல் கட்டாயமாயின. இதனால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. படி ஊருக்கு ஊர் மாறியிருந்தது. ஒரே ஊரிலும் சிறுபடி, பெரும்படி என்று இரண்டு இருந்ததுண்டு. அதைக் கொண்டு ஏமாற்றியவர்களும் உண்டு. நிறுவையிலும் அளவையிலும் மோசம் செய்வோரைக் கடுமையாகக் கண்டிக்கும் மறையை உடைய நமக்கு, எங்கும் ஒரே அளவு என்பது உவப்பான செய்தியே.

ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. அரைக்கால் ரூபாய் 2 அணாவாக இருந்தவரை கணக்கு நாவில் இருந்தது. அது பன்னிரண்டரை நயா பைசாவானபோது தடுமாறியது. ஆழாக்கும் உழக்கும் பரணுக்குப் போயின. அவற்றோடு, அந்த அளவுகளில் மட்டுமே சொல்லப்பட்ட பக்குவங்களும் போகத் தொடங்கின. நோன்புக் கஞ்சிக்கு ஒரு படி அரிசி, உழக்குப் பருப்பு என்று பாட்டியார் சொன்னது எந்தப் படி? அந்தப் பாத்திரம் இல்லாமற் போனால் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. ஃபித்ராவைக் கிலோவில் நிறுத்துக் கொடுக்கும் இளந்தலைமுறை, அது முதலில் ஒரு பாத்திரத்தின் அளவு என்பதையே அறியாமல் வளரக்கூடும்.

பரிகாரம் கடினமன்று. எந்த வீட்டில் பழைய படியோ உழக்கோ ஆழாக்கோ இருக்கிறதோ, அவர்கள் அதை வெறும் பாத்திரமாக நிறுக்கட்டும். பின் தலைதட்ட நீர் நிரப்பி நிறுக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை கிராமோ, அத்தனை மில்லிலிட்டர் அதன் கொள்ளளவு. அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, எந்த ஊர்ப் படி, யாருடைய வீட்டுப் படி என்பதையும், அதில் அளந்து ஆக்கிய பண்டங்களின் பக்குவத்தையும் வீட்டு மூத்த பெண்மணிகளிடம் கேட்டு அதனருகே எழுதி வைக்கட்டும். அதே படியில் இரு கைகளால் நான்கு முறை அரிசியை அள்ளியிட்டுப் பார்க்கும் குழந்தைக்கு, ஸாஉ என்பதன் பொருள் வேறெந்தப் பாடத்தாலும் விளங்காத அளவுக்கு விளங்கிவிடும்.

மதீனாவின் முதியவர்கள் மேலாடைக்குள் சுமந்து வந்தவை விலையுயர்ந்த கலங்கள் அல்ல. அன்றாடம் தானியம் அளந்த எளிய பாத்திரங்கள். யாரோ சிலர் அவற்றை எறிந்துவிடாமல் வைத்திருந்தார்கள். எதற்குரியவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்கள். அவ்விரண்டும் சேர்ந்ததனால்தான் ஒரு பேரறிஞர் தம் முடிவை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அவை சான்றாயின.